எயினனுக்கு அடித்த முரசு

உட்கார்ந்தவர்கள் வசதியாக உட்காருங்கள். நிற்பவர்கள் சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். மாடங்கள் நிறைந்த செம்பாறை நகரத்தில், வெகு காலத்துக்கு முன்னால், எயினன் என்றொரு வழக்குரைஞன் இருந்தான். அறங்கூறும் அவையில் பிறருக்காக எழுந்து பேசுவது அவன் தொழில். நீதி நூல்களெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவன் வாசலுக்கு ஈ, காக்கைகூட வரவில்லை.

அவன் மனைவியின் தம்பி கொற்றன், சந்தையில் வளையலுக்கும் வெல்லத்துக்கும் முரசடித்துக் கூவுகிறவன். "உள்ளே சரக்கு இருந்து என்ன அத்தான்? கடை திறந்திருப்பது தெருவுக்குத் தெரிய வேண்டாமா?" என்றான். எயினனுக்கும் அது சரியென்று பட்டது.

மறுநாள் நகரத்தின் மூன்று தெருக்களிலும் முரசு முழங்கியது. "திருடினாலும் பயமில்லை, அடித்தாலும் பயமில்லை, ஏய்த்தாலும் பயமில்லை. எயினன் இருக்கிறான்."

முரசு வேலை செய்தது. மாடு திருடியவன் வந்தான், எயினன் அவனை மீட்டான். அண்டை வீட்டான் பல்லை உடைத்தவன் வந்தான், அவனை மீட்டான். தராசில் ஏய்த்தவன் வந்தான், அவனையும் மீட்டான். வாசலில் செருப்பு விட இடமில்லை. கொற்றன் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான்.

பிறகு கொன்றை வந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் பானை வனைகிறவள். கோயிலின் வெண்கல விளக்கைத் திருடினாள் என்று அவள்மேல் பழி. பழி நிலைத்தால் நாட்டைவிட்டே துரத்திவிடுவார்கள்.

"நான் எடுக்கவில்லை ஐயா. விளக்கு போன அன்றைக்குப் பொழுது விடியும்வரை சூளையோடு கிடந்தேன்."

எயினன் அவளை நம்பினான். முரசு அடித்த பிறகு அவன் நம்பி எடுத்த முதல் வழக்கு அதுதான்.

அவளோடு அவன் அவைக்குள் நுழைந்ததும் கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "எயினனையா கூட்டி வந்திருக்கிறாள்? அப்படியானால் விளக்கு இவளிடம்தான் இருக்கிறது." அவை குலுங்கிச் சிரித்தது. அவைத் தலைவர் சிரிக்கவில்லை; ஆனால் எயினன் பேசியதையோ, அவன் நிறுத்திய சாட்சிகளையோ, காட்டிய பானையையோ அவர் பொருட்படுத்தவும் இல்லை. தீர்ப்பு நாளைக்கு என்று எழுந்து போனார்.

எயினனுக்குச் சுருக்கென்றது. தெருத்தெருவாகக் கூவியது இவள் தலையில் அல்லவா வந்து விடிந்திருக்கிறது.

அன்று மாலை, சுங்கத்தை ஏய்த்துப் பிடிபட்ட மிளகு வணிகன் ஒருவன் அவனைத் தேடி வந்தான். மறுநாள் அவனுக்கும் வழக்கு. எயினன் முழுதும் கேட்டான். பொய்க்காகப் பேச மாட்டேன், தவறை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைக்கச் சொல்லிப் பேசுகிறேன் என்றான். வணிகன் ஆசை காட்டினான், கெஞ்சினான், மிரட்டினான். ஒன்றும் பலிக்காமல் வாசலில் துப்பிவிட்டுப் போனான்.

விடிந்தது. அவையில் முதல் வழக்கு வணிகனுடையது. உனக்காகப் பேச ஆள் இல்லையா என்று தலைவர் கேட்டார். அவ்வளவுதான், அவனுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"எயினனிடம் போனேன். பொய் என்றால் வாயையே திறக்க மாட்டானாம். இவனெல்லாம் ஒரு வழக்குரைஞனா?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். யார் பொய் சொன்னது என்று தலைவர் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது கொன்றையின் வழக்கு. எயினன் எழுந்தான். யாரும் சிரிக்கவில்லை. நேற்றைய அதே பேச்சு, அதே சாட்சிகள், விளக்கு போன இரவில் அவள் சுட்டதாக அவர்கள் சொன்ன அதே பானை. சூளையைப் பாதியில் விட்டுப் போயிருந்தால் பானை விரிசல் விட்டிருக்கும் என்றான் எயினன். தலைவர் பானையை வாங்கி விரலால் சுண்டினார். கணீரென்றது.

கொன்றை தலை நிமிர்ந்து ஆற்றைக் கடந்து வீட்டுக்குப் போனாள்.

"இனி என்ன சொல்லி அடிக்கட்டும் அத்தான்?" என்று கேட்டான் கொற்றன்.

"வணிகன் திட்டினானே, அதையே சொல்லி அடி."

அப்படியே அடித்தான். வாசலில் செருப்புகள் பாதியாகக் குறைந்தன. ஆனால் எயினன் எழுந்தால் அவை நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆகையால் அறிந்துகொள்ளுங்கள்: எதற்காகப் பேச மாட்டேன் என்பதை ஊரறியச் செய்தவன் பேச்சுக்கே, அவன் பேசும்போது மதிப்பு உண்டு.