ஒழுகுகிற கார்

கடையத்துக்கு மேற்கே, மலையடியில் ஒரு சிறிய மடம். அதை நடத்தி வந்தவர் உலகம்மை. நாற்பது வயதுதான் இருக்கும். ஊரார் அவரை அம்மை என்றார்கள்.

பலவேசம் அவருடைய சீடர். அம்மையைவிட வயதில் மூத்தவர். முன்பு லாரி ஓட்டியவர். அம்மை அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். குரு சீடரை அப்படி அழைக்கலாமா என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார்.

"மூத்தவங்கள வேற எப்படிக் கூப்பிட?" என்றார் அம்மை.

மடத்தில் ஒரு கறுப்பு கார் இருந்தது. உருண்டை முகப்பு, கனத்த கதவுகள். இப்போது அந்த மாதிரி வண்டி ரோட்டில் வந்தால் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். ஒரு டாக்டர் தன் கடைசிக் காலத்தில் மடத்துக்குக் கொடுத்தது. மலைக்கிராமத்துப் பிரசவம், பாம்புக்கடி, பரீட்சைக்குப் பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் அதுதான். பலவேசம்தான் ஓட்டுவார், அவர்தான் பார்த்துக்கொள்வார்.

வண்டி நன்றாக ஓடும். நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டும்.

ஒருமுறை ஆழ்வார்குறிச்சியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தார்கள். முற்றத்தில் புதிதாக வெள்ளைக்கல் பதித்திருந்தார்கள். கிளம்பும்போது பார்த்தால் கல்லின் மேல் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. வீட்டுக்காரர் முகம் சுளிக்கவில்லை. தானே ஒரு சாக்கைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டு, "பரவாயில்ல, போயிட்டு வாங்க" என்றார்.

திரும்பி வந்து மடத்து வாசலில் இறங்கியதும் பலவேசம் சொன்னார்.

"இந்த ஒழுக்க நிப்பாட்டாம விடமாட்டேன் அம்மை."

"நிப்பாட்டுங்க" என்றார் அம்மை.

மறுநாளே வேலையை ஆரம்பித்தார். எஞ்சினை அடி முதல் மேல் வரை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினார். காய்ந்ததும் முகப் பவுடரை எடுத்து எல்லா இடத்திலும் தூவினார். மடத்தில் சமைக்கிற கோமு எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, வண்டியப் பொண்ணு பாக்க வாராங்களா?" என்று சிரித்தாள்.

"ஈரம் எங்க மொதல்ல தெரியுதோ அங்கதான் ஒழுக்கு" என்றார் பலவேசம். சிரிக்கவில்லை.

எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்ததில் மூன்று இடங்கள் நனைந்தன. மேல்மூடிக்குக் கீழே கசிவைத் தடுக்க வைத்திருந்த தக்கை அப்பளம்போல் காய்ந்து கிடந்தது. புதிதாக வெட்டிப் போட்டார், நின்றது. அடியில் எண்ணெய்த் தொட்டியின் போல்ட்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். முறுக்கிய முறுக்கில் தக்கை பிதுங்கிக் கிழிந்து, முன்பைவிட அதிகமாக ஒழுகியது. மறுபடி புதுத் தக்கை வெட்டி, இரண்டு விரலால் பதமாக முறுக்கினார். அதுவும் நின்றது.

மூன்றாவது இடம் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில். அந்தக் காலத்து எஞ்சினில் அங்கே தடுப்பு எதுவும் கிடையாது. சுற்றுகிற தண்டில் திருகாணிபோல ஒரு வரி மட்டும் வெட்டியிருப்பார்கள். தண்டு சுற்றும்வரை அந்த வரி எண்ணெயை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். சுற்று நின்றால் கொஞ்சம் வெளியே வரும். செய்தவன் செய்ததே அப்படித்தான்.

பலவேசத்துக்கு அது ஒப்பவில்லை. வேப்பமரக் கிளையில் சங்கிலி கட்டி எஞ்சினைத் தூக்கினார். தென்காசி லேத் பட்டறையில் ஒரு வளையம் கடைந்து வாங்கி மாட்டினார். சில நாள் தரை காய்ந்து கிடந்தது. பிறகு ஒரு காலையில் மறுபடி கறுப்பு. திரும்பவும் எஞ்சினைத் தூக்கினார்.

அப்படி எஞ்சின் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் தூத்துக்குடியிலிருந்து போன் வந்தது. எடுத்தவர் அம்மை. பேசியது பலவேசத்தின் மகள் முத்துப்பேச்சி.

அம்மை மரத்தடிக்கு வந்தார்.

"உங்க வீட்டம்மா வழுக்கி விழுந்துட்டாங்களாம். இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆகி, இப்ப வீட்டுக்கு வந்தாச்சாம். மக வேலைக்குப் போகணும், பகல்ல கூட இருக்க ஆளில்லயாம். உங்களால வர முடியுமான்னு கேக்கா."

பலவேசத்தின் கையில் ஸ்பானர் அப்படியே நின்றது.

"வேற என்ன சொன்னா?"

"பாசத்துல கூப்பிடல, ஆள் இல்லாமக் கூப்பிடுதேன்னு சொல்லச் சொன்னா."

பலவேசம் தலையை ஆட்டினார். அப்படிச் சொல்ல அவளுக்கு நியாயம் இருந்தது.

அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். அந்த ஆண்டுவிழாவுக்கு பலவேசம் குடித்துவிட்டுப் போனார். என் பிள்ளைக்கு நான்தான் பரிசு கொடுப்பேன் என்று மேடையில் ஏறினார். மைக்கோடு சேர்ந்து விழுந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். முத்துப்பேச்சி பரிசை வாங்காமலே மேடையை விட்டு இறங்கிப் போனாள். அவர் மறுநாள் வீட்டை விட்டுப் போனவர்தான். எங்கெங்கோ சுற்றிவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே வந்த பிறகு குடி நின்றது. முழுக்க நின்றது என்று சொல்ல முடியாது. எப்போதாவது ஒருநாள் காணாமல் போவார். திரும்பி வந்து அம்மை முன்னால் நின்று, "குடிச்சிட்டேன்" என்பார். அம்மை, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்.

"வண்டி பிரிச்சுக் கெடக்கு அம்மை. இத முடிச்சிட்டுப் போறேன்" என்றார் பலவேசம்.

அம்மை மடத்துக்குள் போய்விட்டார்.

பலவேசம் முடிக்கவில்லை. வளையத்தை மாற்றினார், தேய்த்தார், வேறொன்று கடையச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். சரியாக இருந்ததையும் கழற்றித் துடைத்து மாட்டினார்.

முத்துப்பேச்சி இன்னொரு தடவை போனில் பேசினாள். இந்த முறை அம்மை ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு, தொங்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"உங்க வீட்டம்மா தானா எந்திரிக்கப் போயி கட்டில்ல இருந்து சரிஞ்சிட்டாங்களாம்."

பலவேசம் நிமிர்ந்தார். "அடி கிடி..."

"ஒண்ணும் ஆகல. பக்கத்து வீட்டுல தூக்கிப் படுக்க வச்சிருக்காங்க."

அவர் கைத்துணியை எடுத்து விரல்களைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எப்பம் முடியும் அண்ணாச்சி?"

"ஒழுக்கு நிக்கணும் அம்மை."

"நின்னாத்தான் போவீங்களா?"

பலவேசம் எஞ்சினைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் மாசி மாசம் குடிச்சேன்."

"நீங்கதான எங்கிட்ட சொன்னீங்க."

"அந்தப் பிள்ளை மொகத்துல முழிக்கும்போது சுத்தமாப் போயி முழிக்கணும். ஒரு சொட்டு இல்லாம. அப்படி ஆகட்டும், போறேன்."

அம்மை கீழே கிடந்த ஸ்பானரை எடுத்து மண்ணைத் தட்டி அவர் பக்கத்தில் வைத்தார்.

"இந்த வண்டியில போன வருசம் எங்கெல்லாம் போனோம்?"

"எங்கதான் போகல? மேலக்காட்டுப் பொண்ணப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனோம். அந்தக் கொத்தனார நெஞ்சுவலின்னு பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம்."

"அப்ப ஒழுகலயா?"

"ஒழுகத்தான் செஞ்சிச்சு."

"எஞ்சின் கெட்டுப்போகலயே?"

"அது எப்படிக் கெடும்?" பலவேசத்தின் குரலில் கொஞ்சம் சூடு ஏறியது. "காலையில எந்திரிச்சதும் அளவுக்கம்பிய உருவிப் பாக்கேன். கொறஞ்சிருந்தா ஊத்துதேன். வண்டியில எப்பவும் ஒரு டின் எண்ணெய் கெடக்கு."

"அப்ப இந்த மாதிரி எஞ்சின் எப்படித்தான் கெடும்?"

"பாக்காம ஓட்டுனாக் கெடும். எம்வண்டி ஒழுகாதுன்னு நெனச்சுக்கிட்டு ஓட்டுதான் பாருங்க, அவன் வண்டிதான் நடுரோட்டுல இறுகி நிக்கும்."

சொல்லிவிட்டு அவர் அம்மையைப் பார்த்தார். அம்மை வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வெள்ளிக்கிழமை தூத்துக்குடி போகணும்" என்றார் அம்மை, எழுந்தபடி. "எஞ்சின மாட்டிருங்க."

"ஒழுகும் அம்மை."

"ஒழுகட்டும்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். அம்மை முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்சீட்டில் பலவேசத்தின் துணிப்பை இருந்தது. அதை அங்கே வைத்தது அம்மை. பலவேசம் பார்த்தார், கேட்கவில்லை.

செய்துங்கநல்லூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார். எஞ்சின் சற்று ஆறட்டும் என்று காத்திருந்து, அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். கொஞ்சம் குறைந்திருந்தது. ஊற்றினார். டீ குடித்துவிட்டுத் திரும்பவும் புறப்பட்டார்கள்.

இன்னும் கொஞ்ச தூரத்தில், ரோட்டோரம் ஒரு மதுக்கடை. இன்னும் திறக்கவில்லை. வாசலில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வண்டியின் வேகம் குறைந்தது.

"அம்மை."

"ம்."

"அந்தக் கடை கண்ணுல படுது."

"ம்."

"படுதுன்னு சும்மா சொன்னேன்."

"கேட்டேன். ஓட்டுங்க."

வேகம் கூடியது. தூத்துக்குடி நெருங்கி உப்பளக் காற்று வண்டிக்குள் வீசத் தொடங்கியதும் பலவேசம், "இவளுக்கு இந்தக் காத்து ஒத்துக்கிடாதே" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.

முத்துப்பேச்சியின் வீடு ஒரு குறுகிய தெருவில் இருந்தது. வாசலில் சிமெண்ட் முற்றம், கழுவிவிட்ட ஈரம். அம்மை போனில் சொல்லியிருந்ததால், அவள் மீன் கம்பெனியின் நீல மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அப்பாவைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். அம்மையைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைப் பார்த்தாள்.

"உள்ள விடுங்க. தெருவுல லாரி வரும்."

"எண்ணெய் ஒழுகும்மா. தரை கறையாயிரும்."

"விடுங்க."

விட்டார். இறங்கினார். வீட்டுப் படியில் கால் வைக்காமல் முற்றத்திலேயே நின்றுகொண்டார்.

"உள்ள வாங்க" என்றாள் அவள்.

"ஒண்ணு சொல்லிட்டு வாரேன்."

அவள் கைப்பையின் வாரைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"நான் மாசி மாசம் குடிச்சேன். அதுக்கு முன்னயும் சில தடவ. விட்டுட்டேன்னு நெனைப்பேன், பெறவு வரும். இனிமே தொடவே மாட்டேன்னு சத்தியம் பண்ண வரல. பண்ணிப் பண்ணி ஒங்கம்மைக்குக் காது புளிச்சுப்போச்சு."

முத்துப்பேச்சி அவரை நேராகப் பார்த்தாள்.

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"பாத்துக்கிட வந்தேன். தெனமும் காலையில ஒங்கிட்ட சொல்லுதேன். நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு. மனசு அங்க இழுத்தா இழுக்குன்னு."

"குடிக்கதுக்கு முன்னாலயா, குடிச்ச பெறவா?"

பலவேசம் தலையை நிமிர்த்திச் சொன்னார்.

"முன்னால. தப்பிப்போச்சுன்னா பின்னாலயாவது. மறைக்க மாட்டேன்."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பேசினாள். குரலில் கனிவு இல்லை, கோபமும் இல்லை.

"முன்னால சொன்னா அன்னைக்கு நான் லீவு போட்டுட்டுக் கூட இருப்பேன். மறைச்சீங்கன்னா அடுத்த பஸ்ஸுல ஏத்தி விட்டுருவேன்."

"சரிம்மா."

"அம்மாவத் தூக்கும்போது வலது பக்கம் கை குடுக்கக் கூடாது. மாத்திரை ஜன்னல்கிட்ட இருக்கு, சாப்பிட்ட பெறவுதான் குடுக்கணும்."

"சரி."

அவள் வேகமாக நடந்தாள். கேட்டைச் சாத்தும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"சோறு வடிச்சு மூடி வச்சிருக்கேன். அம்மாவுக்கும் உங்களுக்கும் இருக்கு."

பஸ் போன சத்தம் கேட்டது. முற்றத்தில் பலவேசமும் அம்மையும் மட்டும் நின்றார்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே அரையிருட்டில் ஒரு கட்டிலின் கால் தெரிந்தது. பலவேசம் செருப்பைக் கழற்றினார். ஒரு படி ஏறினார். அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை.

"அம்மை."

"என்ன அண்ணாச்சி?"

"வழியெல்லாம் கேக்கணும்னு நெனச்சேன், கேக்கல. இப்பக் கேக்கேன். நான் என்னைக்கு முழுசாச் சரியாவேன்?"

வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் சோர்ந்த குரல் வந்தது. "யாரு அங்கன? இந்தச் செம்பக் கொஞ்சம் எடுத்துத் தாங்களேன். நாக்கு வறண்டு கெடக்கு."

பலவேசம் குருவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள தண்ணி கேக்காங்க, அண்ணாச்சி" என்றார் அம்மை.