மூடியில் எழுதிய அளவு

அன்றைக்குச் சுடலைமணியின் கை மட்டும்தான் வேலைக்கு வந்திருந்தது. மனசு வரவில்லை.

வள்ளியூரில் பியூலாவின் கார் பட்டறை. சுடலைமணி அங்கே தொழில் கற்றுக்கொண்டிருந்தான். அவளைவிட எட்டு வயது மூத்தவன். ஆனாலும் அவளை அக்கா என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். கேட்கிறவர்களுக்குக் குழப்பம். அவர்களுக்கு இல்லை.

"என்ன அண்ணே, ஸ்பேனர முறைக்கீங்க?"

"மக ஹாஸ்டல்லருந்து வந்ததுலேர்ந்து பேச மாட்டேங்காக்கா. தலையணையெல்லாம் ஈரமா கெடக்கு. கேட்டா ஒண்ணுமில்லங்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணும், இல்லன்னா படிப்பே வேண்டாம்னுட்டேன்."

பியூலா அவன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி வைத்தாள்.

"ஒரு ஆளு மனசுக்குள்ள என்ன இருக்குன்னு எப்படிக்கா கண்டுபிடிக்க?"

"அந்த வெள்ளை வண்டியப் பாருங்க. எஞ்சினக் குளுர வைக்குற கூலன்ட் தண்ணி குறையுதாம். ஒழுகுற எடம் தெரியல."

அவன் கீழே குனிந்து பார்த்தான். தரை காய்ந்திருந்தது. ஹோஸ்களைத் தடவினான். ஈரமில்லை. ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனான். பியூலா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சூட்டுல திறந்தா உங்க மூஞ்சி வெந்துரும். அப்புறம் அண்ணி என்னைய வேக வைப்பா. ஆறட்டும்."

டீ குடித்தார்கள். எஞ்சின் ஆறியது. பியூலா மூடியைக் கழற்றி, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டினாள். அதில் முள் வைத்த மீட்டர் இருந்தது.

"மூடில ஒரு அளவு எழுதியிருக்கு. அதுவரைக்கும் காத்தடிங்க, அழுத்தத்துல ஒழுகுற எடம் தானா தெரியும். மேல வேண்டாம்."

அடித்தான். முள் ஏறி நின்றது. எங்கும் ஒழுகவில்லை.

ஒரு நிமிஷம் பொறுத்தான். அவ்வளவுதான் அவன் பொறுமை. மறுபடி அடித்தான். இன்னும் அடித்தான். டப்பென்று ஒரு ஹோஸ் கிழிந்து, பச்சைத் தண்ணீர் இரண்டு பேர் முகத்திலும் பீய்ச்சியது.

"கெடச்சிட்டுக்கா! கண்டுபிடிச்சிட்டேன்!"

பியூலா முகத்தைத் துடைத்தாள்.

"அது நல்லா இருந்த ஹோஸ் அண்ணே. நீங்க கிழிச்சது."

அவன் சிரிப்பு நின்றது.

திட்டவில்லை அவள். வேறு ஹோஸ் போட்டாள், கூலன்ட் ஊற்றினாள், அளவுக்குக் காற்றடித்தாள். சொட்டு காய்ந்துவிடாமல் பட்டறை மின்விசிறியை நிறுத்திவிட்டு வண்டிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப என்னக்கா செய்யணும்?"

"இருக்கணும்."

உட்கார்ந்தான். முதலில் மீட்டரையே பார்த்தான். அப்புறம் வண்டியைப் பார்த்தான். வியர்த்தது. முள் மயிரிழை இறங்கியது.

வெகுநேரம் கழித்து, வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு பச்சைச் சொட்டு திரண்டது. விழாமல் தொங்கியது.

சுடலைமணி விரலை மட்டும் நீட்டினான். அவள் தலையாட்டினாள்.

பிறகு எழுந்து கை கழுவினான். சோப்பு போட்டு, ரொம்ப நேரம்.

"வீட்டுக்குப் போய் மககிட்ட என்னக்கா கேக்கட்டும்?"

"ஒண்ணும் கேக்காதீங்க. சின்ன வெங்காயம் வாங்கிட்டுப் போங்க. அவ பக்கத்துல உக்காந்து உரிங்க."

"எல்லாத்தையும் உரிச்ச பெறகும் பேசலன்னா?"

"பூண்டு இருக்கும்லா அண்ணே."