தாசில்தார் வீட்டுப் பலகை

கோணக்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பயன்படுத்தித் தேய்த்துவிடக் கூடாதே என்று எல்லோரும் புதுசாகவே வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அவர்களில் சொரிமுத்துவின் மூளை ரொம்பப் புதுசு. "அடுப்புல பால் இருக்கு, பொங்குதான்னு பார்த்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் மனைவி பேச்சி குளத்துக்குப் போனாள். பால் பொங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தான். அடுப்பு அணைந்தது. அதையும் பார்த்தான். திரும்பி வந்தவள் துணிமணியை மூட்டை கட்டினாள்.

"நீரு முட்டாளா இருக்கிற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில் கொடைத் திருவிழா. பெண்டாட்டி இல்லாமல் பொங்கல் வைக்க முடியாது. இனி முட்டாளாக இல்லாமல் இருப்பது எப்படி என்று சொரிமுத்து மூன்று நாள் யோசித்தான். யோசிப்பது இப்படித்தானா என்றும் சந்தேகமாக இருந்தது.

கடைசியில் மாசானத்திடம் போனான். ஊரில் மற்றவர்கள் இங்கிலீஷ் பரீட்சையை ஒரு தடவைதான் எழுதியிருந்தார்கள். மாசானம் மூன்று தடவை எழுதியவன்.

"ஆவுடையப்பன் வீட்டு வாசல்ல ஒரு பலகை தொங்குதுல்லா? 'ஃபார்மர்லி தாசில்தார்'னு போட்டிருக்கு. அப்படின்னா, முன்னால இருந்தாரு, இப்ப இல்லன்னு அர்த்தம்" என்றான் மாசானம்.

"சரி."

"பலகை மாட்டுறதுக்கு முன்னால தினமும் ஆபீசுக்குப் போனாரா?"

"போனாரு."

"மாட்டுன பிறகு?"

"போகல!" சொரிமுத்துவுக்குப் புல்லரித்தது. "ஒத்தப் பலகையில ஒரு தாசில்தார் வேலையே போயிட்டே!"

கூட இருந்த கொம்பையா எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவன். அவனிடம் முட்டுகிற மாடு ஒன்று இருந்தது. 'ஃபார்மர்லி முட்டுற மாடு' என்று எழுதி, அதன் கழுத்தில் மாட்டப் போனான். வைக்கோல் போருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவனை எடுத்து வந்தார்கள்.

"என்னலே, பலிக்கலியே?" என்று முனகினான் கொம்பையா.

"மாட்டுக்கு இங்கிலீஷ் தெரியுமாலே? மனுசனுக்குத்தான் பலிக்கும்" என்றான் மாசானம்.

இது நியாயமாகப் பட்டது. உடனே சொரிமுத்துவுக்குப் பலகை தயாரானது: 'ஃபார்மர்லி முட்டாள் சொரிமுத்து'.

சொரிமுத்து தயங்கினான். "முட்டாள்னு வாசல்ல மாட்டுனா நாலு பேரு என்ன நினைப்பாங்க? அந்த ஒரு வார்த்தையை மட்டும் அழிச்சிருலே."

அழித்தார்கள். 'ஃபார்மர்லி சொரிமுத்து' வாசலில் தொங்கியது. பேச்சிக்கு ஆள் அனுப்பினார்கள்.

அவள் வந்து வாசலில் நின்றாள். மாசானம் பலகையைப் படித்து அர்த்தமும் சொன்னான்.

"முன்னால சொரிமுத்து. இப்ப இல்ல."

"அப்போ உள்ள நிக்கிற ஆளு யாரு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதை யாரும் யோசித்திருக்கவில்லை. சொரிமுத்து தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். ஆள் இருந்தான். யாரென்றுதான் சொல்லத் தெரியவில்லை.

பேச்சியும் அந்த ஊர்தானே. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அடுத்த ஆம்பளை இருக்கிற வீட்டுல நான் ஏன் கால் வைக்கணும்? என் புருசனைக் காட்டுங்க, வாரேன்."

"கழட்டுலே பலகையை!" என்று அலறினான் சொரிமுத்து.

கழற்றினார்கள்.

"இப்ப?" என்றாள்.

"நான்தாம்ட்டி, சொரிமுத்து!"

"அதே முட்டாளா?"

"சத்தியமா அதேதான்!"

"அதை முதல்லயே சொன்னா என்ன?" என்று உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பொங்கல் நன்றாகவே பொங்கியது. சொரிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தான். மனம் குளிர்ந்துபோன மூவருக்கும் அப்போதுதான் ஆவுடையப்பனின் நினைப்பு வந்தது. பாவம், எட்டு வருஷமாக அந்த மனுஷனுக்கு ஒருவரும் இந்த உதவியைச் செய்யவில்லையே! நேராகப் போய் அவர் வீட்டுப் பலகையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார்கள்.

"ஐயா, சரியாயிட்டு. நாளையிலிருந்து ஆபீசுக்குப் போலாம்."

ஆவுடையப்பன் பலகையைப் பார்த்தார். சுவரில் அது இருந்த இடத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, தேய்த்த சட்டையும் சாப்பாட்டுத் தூக்குவாளியுமாக, பஸ் ஸ்டாப்பில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார்.