நரியார் போட்ட சட்டமும் ஆள்காட்டியின் நாலு முட்டையும்

அந்தக் காலத்தில் நரி முதல் நண்டு வரை எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். கண்மாய்க்கரையில் எல்லாரும் கூடி, ஒரு கல்லில் ஒரு வரி செதுக்கி வைத்திருந்தார்கள்: 'யார் குரலையும் யாரும் பறிக்கக் கூடாது.'

அந்த வருடத் தேர்தலில் ஜெயித்துத் தலைவரானவர் நரியார். கல்லில் கை வைத்தால் ஊர் சும்மா விடாது என்று அவருக்குத் தெரியும். அதனால் கல்லுக்குப் பக்கத்தில் நின்று ஒரு சட்டம் போட்டார்.

"தாராளமா கத்துங்க. தலைவர்கிட்ட அனுமதி வாங்கிட்டுக் கத்துங்க. கரையில அமைதின்னு ஒண்ணு வேணுமில்ல?"

தவளைகள் முணுமுணுத்தன. நரியார் பெருந்தன்மையாக இன்னொரு வரி சேர்த்தார்: "கேட்டா, நின்ன இடத்துலயே பதில் சொல்லுவேன்." தவளைகள் கைதட்டிவிட்டன. தவளைப் புத்தி!

கரையில் நீளக்கால் குருவி ஒருத்தி வெறுந்தரையில் நாலு முட்டை இட்டிருந்தாள். கத்திக் கத்தித்தான் அவற்றைக் காப்பாற்றி வந்தாள். மறுநாள் விடியலில் புல் அசைந்தது. கத்த வாயைத் திறந்தவளுக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. நரியின் வளைக்கு ஓடினாள். அங்கே யாருமில்லை. காத்திருந்தாள். நரியார் உதட்டை நக்கிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"முட்டைகிட்ட யாரோ வந்த மாதிரி இருந்துச்சுங்க. கத்திக்கவா?"

"கத்தும்மா! உன் உரிமையாச்சே!"

திரும்பி வந்து பார்த்தால் மூன்று முட்டைதான் இருந்தது. அனுமதியோடு அழுதாள், பாவம்.

நரியார் மீசையில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. நீதிபதி ஆமையாரிடம் போனாள். ஆமையார் ஓட்டுக்குள்ளிருந்தே பேசினார்: "கல்லும் சரின்னு தோணுது, சட்டமும் சரின்னு தோணுது. அடுத்த மாசம் தலையை நீட்டும்போது பார்க்கலாம்."

"அதுக்குள்ள மிச்சமும் போயிடுமே ஐயா! சரி, அனுமதி கேக்குறதுக்கும் அனுமதி வாங்கணுமா?"

ஆமையார் யோசித்தார். "அப்படி எதுவும் எழுதலையே."

மறுநாள் விடியலில் எல்லாரும் தண்ணீர் குடிக்க வந்திருந்த நேரம், புல் அசைந்தது. நரியார் ஒரு முட்டையை வாயில் கவ்வி நிமிர்ந்ததும், குருவி அவர் தலைக்கு மேலே பறந்து, கண்மாயே அதிரும்படி கேட்டாள்:

"தலைவரே! செம்பழுப்பு உடம்பு, புசுபுசு வாலு, என் முட்டையைத் தூக்கிட்டு ஒரு ஆள் நிக்குறாரு! கத்தலாமாங்க?"

அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். நரியார் கன்னம் உப்பிப்போய் நின்றார்.

"பதில் சொல்லுங்க தலைவரே! சட்டத்துல இருக்கு!" என்றன தவளைகள்.

வாயைத் திறந்தால் முட்டை, மூடினால் சட்டம். நரியார் முழித்த முழி இருக்கிறதே!

வாழ்நாளில் முதல்முறையாக ஆமையார் சட்டென்று தலையை நீட்டினார். "மௌனம் சம்மதம். அனுமதி கொடுத்தாச்சு. எதுவரைக்கும்னு தலைவர் சொல்லலை. அதனால, என்னிக்குமே செல்லும்."

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லலை!" என்று நரியார் அலற, முட்டை புல்லில் உருண்டது. நல்லவேளை, உடையவில்லை. நரியார் ஓட்டம் பிடித்தார். மூன்று முட்டையிலிருந்தும் குஞ்சுகள் வெளிவந்தன.

அன்று முதல்தான் ஆள்காட்டி என்று பேர் வாங்கிய அந்தக் குருவி, கரையில் ஆடு வந்தாலும் அதிகாரி வந்தாலும் முதலில் கத்திவிட்டு, பிறகுதான் யாரென்று பார்க்கிறது. கேட்டுவிட்டுக் கத்தப் போன அன்றைக்கு நாலு மூன்றானதை அது இன்னும் மறக்கவில்லை.