மாசிலாமணி தேடின கரிசலாங்கண்ணி

ஒரு ஊர்ல ஒரு தனிக்கட்டை இருந்தாரு, மாசிலாமணின்னு பேரு. வயல் இருக்கு, கெணறு இருக்கு, தலைதான் பஞ்சா வெளுத்துக் கெடக்கு. அன்னிக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை வீடு பாக்க, பொண்ணோட அப்பாவும் அத்தையும் வர்றாங்க. நரையப் பாத்தா பொண்ணு தர மாட்டாங்களேன்னு மனுசன் கண்ணாடியும் கையுமா நிக்கிறாரு. ம் கொட்டுடி. ஆங்.

அப்போ யாரோ சொன்னாங்க, கரிசலாங்கண்ணி தேய்ச்சா முடி கறுக்கும்னு. இவரு அந்தச் செடியப் பாத்ததே இல்ல. இம்மாம் பெரிய பேரு, மலைமேலதான் இருக்கும்னு புஸ்ஸு புஸ்ஸுன்னு ஏறினாரு. வெறும் பாறை. அப்புறம் ஆத்து மணல்ல சரக்கு சரக்குன்னு நடந்தாரு. காலு சுட்டதுதான் மிச்சம். அப்புறம் வீட்டுக்கு வந்து, சமைக்கிற அஞ்சலைகிட்ட அழாத கொறையா கேட்டாரு. அவ பாத்திரம் வெளக்கிட்டே கால நகத்தினா.

"அய்யா, இதத்தான் தெனம் மிதிக்கிறேன்."

கழுவுற தண்ணி ஓடுற சேத்துல சொகமா படுத்துக் கெடக்கு. செவந்த தண்டு, கணுவுக்கு ரெண்டா சொரசொரன்னு எலை, சட்டைப் பொத்தானாட்டம் வெள்ளப்பூ. ஈரம் காயாத சேறு இருந்தா போதும், அதுக்கு மலையும் வேணாம், யாரும் நட்டு வளக்கவும் வேணாம். தூங்கிட்டியா?

ம்ஹூம்.

எண்ணெயில காச்சி மாசக்கணக்கா தேய்க்கணும்னு சொன்னா அஞ்சலை. இவருக்கு ஏது பொறுமை? சதக்கு சதக்குன்னு கசக்கித் தடவினாரு. பச்சையா இருந்துச்சு. இன்னும் தடவினாரு. அப்பவும் பச்ச. மூணாந்தடவ நெத்தி, காது, கழுத்துன்னு வழிய வழிய அப்பி, முண்டாசு கட்டிட்டு வாசல்ல உக்காந்தாரு. அந்தச் சாறு காத்து பட்டு மெதுவாத்தான் கறுக்கும். கறுத்துச்சு பாரு, மூஞ்சி முழுக்க!

அப்போ லொடக்கு லொடக்குன்னு வண்டி வந்துச்சு. அத்தை எறங்கி, இவர கரி மூட்டை கொண்டாந்த ஆளுன்னு நெனச்சு, மொதலாளி எங்கன்னு கேட்டாங்க. மானம் போகுமேன்னு இவரும் வெளியூர் போயிருக்காருன்னு சொல்லிட்டாரு.

"அவருக்கு நரை உண்டாப்பா?"

"ஒரு முடிகூட வெளுக்கலம்மா. காக்காவே தோத்துடும்."

அத்தைக்கு மொகம் சுருங்கிப்போச்சு.

"அப்ப சின்னப் பையனா? எங்க வடிவாம்பாளுக்கே பாதி தல வெளுத்துடுச்சு. வயசாளி மாப்பிள்ளன்னுதான வந்தோம். ஒத்து வராது, வண்டியத் திருப்புங்கண்ணே."

இவரு முண்டாச அவுத்துட்டு, நாந்தான் நாந்தான்னு பின்னாடியே ஓடினாரு. கரிக்காரனுக்குப் பித்துப் பிடிச்சிடுச்சுன்னு மாட்ட இன்னும் வெரட்டினாங்க.

கதையும் அந்த வண்டியில ஏறிப் போயிடுச்சு, நீ கண்ண மூடு.