சரி என்று சொன்னவள்

பஸ் ஸ்டாண்டில் ஊசிமணி விற்கும் நரிக்குறவர் வீட்டுப் பெண் துர்க்கா, பயணிகளுக்கு இடைஞ்சல் செய்தாள் என்று வழக்கு. கீழ்க்கோர்ட்டில் இங்கிலீஷில் ஏதோ வாசித்தார்கள். பயந்துபோய் "சரிங்க சாமி" என்றாள். குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்று எழுதி, கைக்குழந்தைக்காரிக்கு ஒரு மாதம் சிறை விதித்துவிட்டார்கள்.

வழக்கு ஹைகோர்ட்டுக்கு வந்தது. "அவளே ஒப்புக்கொண்டாள். இனி விசாரிக்க என்ன இருக்கிறது?" என்றார் அரசு வக்கீல்.

துர்க்கா அவர் பக்கம் திரும்பி, தன் பாஷையில் பணிவாக ஏதோ கேட்டாள்.

"சரிம்மா, சரி" என்று அவர் கையசைத்தார்.

"என் மணியைத் திருடினது நீங்கதானான்னு கேட்டேன் சாமி. சரின்னுட்டாரு. இவரையும் உள்ளே போடுவீங்களா?" என்று நீதிபதியைக் கேட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். நீதிபதி தமிழிலேயே சொன்னார்: "தண்டனை ரத்து. நீங்கள் குற்றவாளி இல்லை. புரிகிறதா அம்மா?"

இந்த முறை அவள் சரி என்று சொல்லவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க சாமி" என்றாள்.