கன்னத்தை வைக்கக்கூடிய தரை

மேற்கு மலையடியில் ஒரு சிறிய மடம். சாரல் காலத்தில் மேகம் வாசல் வழியாக உள்ளே வரும். கூடத்தில் சற்று நேரம் இருந்துவிட்டு, சன்னல் வழியாகப் போய்விடும். அதை யாரும் விரட்டுவதில்லை.

மடத்தின் குரு குழல்வாய்மொழி அம்மை. நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த மாசிலாமணிக்கு அறுபது தாண்டியிருந்தது.

மாசிலாமணியின் வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம். காலையும் மாலையும் கடையில் வாங்கிய காரமான திரவத்தைக் கொட்டித் துடைப்பார். கண் எரிந்தால்தான் சுத்தம் என்பது அவர் நம்பிக்கை. தீபாவளிக்கு மகள் வந்தாள், தவழுகிற குழந்தையோடு. அன்று இரவே, அந்த நெடியில் குழந்தைக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் மகள் சொன்னாள், "அப்பா, இனிமே உங்க வீட்டுக்கு வரமாட்டேன்."

அதன்பிறகு அந்தத் தரையில் அவர் முகம் மட்டுமே தெரிந்தது.

"வீடும் சுத்தமா இருக்கணும், பேத்தியும் வரணும். எதைப் போட்டுக் கழுவ?" இதுதான் அவர் குருவிடம் கேட்ட முதல் கேள்வி.

"இந்தக் கூடத்தைக் கழுவுங்க ஐயா. பார்ப்போம்."

அவர் பையிலிருந்து அந்தத் திரவத்தின் பச்சைப் பாட்டிலை எடுத்தார். கொட்டித் துடைத்ததும், தரையின் கருப்புக் கடப்பைக் கல் பளபளத்தது. அம்மை வாசல்வரை வந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். அன்று முழுக்க உள்ளே வரவில்லை. மாசிலாமணி பாட்டிலை இறுக மூடிப் பையின் அடியில் வைத்தார்.

மறுநாள் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கூடை நிறைய எலுமிச்சை பறித்து வந்தார். குத்துவிளக்கைத் தேய்த்தார், பொன்னாக மின்னியது. உற்சாகம் பிடித்துக்கொண்டது. மிச்சச் சாற்றைத் தரை முழுவதும் ஊற்றி ஊறவிட்டார்.

காய்ந்ததும் பார்த்தால், கருப்புக் கல்லில் தேமல் விழுந்ததுபோல் வெள்ளை வெள்ளையாய்த் திட்டுகள்.

"இது இயற்கைதானே அம்மா!"

"எட்டிக்காயும் மரத்துலதான் காய்க்குது."

"அப்போ எதுதான் நல்லது?"

"எதுக்கு நல்லது?"

"தரைக்கு."

"அப்படின்னா அதுகிட்டதான் கேக்கணும்."

அம்மை போய்விட்டார். மாசிலாமணி தரையில் உட்கார்ந்தார். வாழ்நாளில் எத்தனையோ தரைகளைத் துடைத்தவர், எதையும் கையால் தொட்டதில்லை. மேகம் உள்ளே வந்து அவரைச் சூழ்ந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. உள்ளங்கையால் தடவிக்கொண்டே தவழ்ந்தார்.

வாசலருகே மண் நெருநெருத்தது. யாரோ மழையில் நடந்து வந்த காலடி. நடுவில் வெறும் தூசி, ஊதினாலே பறந்துவிடும் போலிருந்தது. விளக்கடியில்தான் பிசுக்கு, எத்தனையோ நாள் வடிந்த எண்ணெய். இவ்வளவு பெரிய கூடத்தில் அழுக்கு என்று ஒட்டிக்கொண்டிருந்தது அந்த ஒரு முழம்தான்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, காரணம் தெரியாமல், அழுகையும் வந்தது.

எழுந்தார். மண்ணையும் தூசியையும் பெருக்கி எடுத்தார். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தார். பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கி, நுரை பொங்கியதும் விளக்கடியில் மட்டும் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்தார். முதலில் போகவில்லை. கொஞ்சம் காத்திருந்து மறுபடி தேய்த்தார். பிசுக்கு கரைந்து வந்தது. அலசிய தண்ணீரை ஓடையில் விடாமல், சுமந்துபோய் வாழைக்கு ஊற்றினார்.

வெள்ளைத் திட்டுகள் அப்படியே இருந்தன. அவற்றை அவர் ஒன்றும் செய்யவில்லை.

அம்மை வந்தார். வாசலில் நின்றார். மூச்சை ஆழ இழுத்தார். மழை மணம்தான் இருந்தது.

"இப்போ சுத்தமா அம்மா?"

அம்மை நேரே உள்ளே நடந்தார். கூடத்தின் நடுவில் வந்து, குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்தார். ஒரு கை விரிந்து கல்மேல் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மேகம் அவர்மேல் ஒரு போர்வையாய்ப் படிந்தது.

மாசிலாமணி அசையாமல் நின்றார். தான் துடைத்த தரையில் ஒருவர் படுத்து அவர் இதுவரை பார்த்ததில்லை.

வெகுநேரம் கழித்து, பொறுக்க முடியாமல் கேட்டார். "அம்மா, என் மக கேப்பாளே. எதைப் போட்டுக் கழுவினீங்கன்னு. நான் என்னன்னு சொல்ல?"

அம்மை கண்ணைத் திறக்கவில்லை.

"மெதுவாப் பேசுங்க ஐயா. தூக்கம் வருது."